கேள்வி–பதில்: கோபுரம் இல்லாத கோட்டையில் அரை நாள்

கேள்வி: டோக்கியோவில் எனக்கு ஒரே ஒரு பகல்தான் ஓய்வு. ஊருக்கு நடுவிலேயே பழைய கோட்டைத் தோட்டம் இருக்கிறது, போய்ப் பார் என்கிறார் அண்ணன். போய்வந்த தோழியோ, 'அங்கே கோட்டையே இல்லை, வெறும் புல்தரை' என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்பது பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டம். தோக்குகாவா வம்சத்து ஷோகன்கள், அதாவது ராணுவ ஆட்சியாளர்கள், இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானை ஆண்ட எடோ கோட்டையின் உட்பகுதி அது. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். 1968 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது.

தோழி தேடிய கோபுரம் 1638இல் கட்டி முடிந்தது. ஜப்பானில் அதைவிட உயரமான கோட்டைக் கோபுரம் எழுந்ததில்லை. ஆனால் நின்றது பத்தொன்பதே வருடம். 1657இல் எடோ நகரத்தின் பெரும்பகுதியைத் தின்ற தீ அதையும் தின்றுவிட்டது. மறுவருடமே புதுக் கல் பீடம் தயார். அந்தச் சமயத்தில்தான் ஹோஷினா மசாயுகி குறுக்கிட்டார். சின்ன வயது ஷோகனுக்குச் சித்தப்பா அவர். சண்டையே இல்லாத காலத்தில் கோபுரம் எதற்கு, முதலில் ஊரைக் கட்டுவோம் என்றார். அன்று நின்ற வேலை நின்றதுதான். பீடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஏறிப் பார்க்கலாம்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தோட்டத்தை எனக்குச் சரியாகக் காட்டியவர், போன வருடம் வந்திருந்த என் அப்பா. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். நான் பூவைக் காட்டக் கூட்டிப்போனேன். அவர் நாகானோமோன் வாசல் சுவரை விட்டு நகரவில்லை. அங்கே ஒரு கல்லே முப்பது டன்னுக்கு மேல் வரும். இரண்டு கல் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. "சாந்து எங்கம்மா?" என்றார். சாந்தே கிடையாது, செதுக்கிப் பொருத்தியதுதான் என்றேன். பீடத்துக்குப் போனதும் மூலையை அண்ணாந்து பார்த்து, "நீளப் பக்கத்தை ஒரு வரி இந்தப் பக்கம், ஒரு வரி அந்தப் பக்கம் மாத்தி மாத்தி வச்சிருக்கான் பாரு, அதான் மூலை பிரியல" என்றார். அதுவரை நூறு தடவையாவது அந்த மூலையைக் கடந்திருப்பேன்.

ஓத்தேமோன் வாசல் வழியாகப் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். பையைத் திறந்து காட்டிவிட்டு முதல் கதவைத் தாண்டினால் ஒரு சதுர முற்றம் வரும். அடுத்த கதவு நேரே இருக்காது, வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஓடிவரும் எதிரி அந்தப் பெட்டிக்குள் திணறும்போது மேலிருந்து அடிக்க அப்படி ஒரு ஏற்பாடு. பெரிய கதவுக்கு மேலிருந்த மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்தது, இப்போது இருப்பது 1967இல் கட்டியது. எரிந்த மண்டபத்தின் கூரையில் இருந்த மீன் உருவம் ஒன்றை அந்த முற்றத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்தக் கிழமை போகலாம்?

பதில்: திங்களும் வெள்ளியும் விடுமுறை. பதினோரு வருடம் இங்கேயே குப்பை கொட்டியும், அப்பாவை நான் முதலில் கூட்டிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை! மூடிய கதவைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி, வந்ததற்கு அகழியையாவது சுற்றுவோம் என்று நடந்தோம். அது ஐந்து கிலோமீட்டர் வட்டம். ஓடுகிறவர்கள் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவார்கள், நாங்கள் அவர்களுக்கு எதிரே. வழிநெடுக ஒதுங்கி ஒதுங்கியே போனோம். அப்புறம், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள், மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: பூ பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: ஜூன் தொடக்கம் என்பேன். நினோமாரு தோட்டத்துக் குளத்தை ஒட்டி ஐரிஸ் பூக்கும். மெய்ஜி கோயிலிலிருந்து 1966இல் 84 வகை கொண்டுவந்து நட்டது. மழைக்காலம்தான், குடையோடு போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். குளத்தில் நீளத் துடுப்புள்ள கெண்டை மீன்களைத் தேடுங்கள். இந்தோனேசிய மீனையும் ஜப்பானியக் கெண்டையையும் கலந்து உருவாக்கியவை அவை. முன்னாள் பேரரசர் அகிஹித்தோ சொன்ன யோசனை. திரும்பும்போது துடுப்பு முந்தானை மாதிரி பின்னால் இழுபடும்.

கேள்வி: பேரரசரின் வீட்டைப் பார்க்க முடியுமா?

பதில்: இங்கிருந்து முடியாது. அரண்மனை வளாகத்துக்குத் தனிச் சுற்றுலா உண்டு. அதிலும் வெளியே நின்று பார்ப்பதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டிவலி. ஏற்றம் அதிகமா?

பதில்: ஓத்தேமோன் வழியாகப் போனால் ஏற வேண்டியிருக்கும். அதனால் தலைகீழாகப் போங்கள். தாகேபாஷி நிலையத்தில் இறங்கி கித்தாஹனேபாஷி வாசலில் நுழைந்தால் கோபுரப் பீடம் பக்கத்திலேயே வந்துவிடும். அம்மா பெஞ்சில் உட்காரட்டும், பீடத்தில் நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். பிறகு ஷியோமிசாக்கா சரிவில் மெதுவாக இறங்குங்கள், கொஞ்சம் செங்குத்துதான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கடல் பார்க்கும் சரிவு' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அங்கிருந்தே கடல் தெரியுமாம். இப்போது ஓத்தேமாச்சி அலுவலகக் கட்டடங்கள் தெரியும். அதில் ஒன்றின் ஒன்பதாம் மாடியில்தான் நான் இருக்கிறேன்.