நான் நாலு வரி, அவர் ஒரு வரி: ரோல்ப்ளேயில் எது நியாயம்?

கேள்வி: ஓர் ஆன்லைன் கேமில் பல மாதங்களாக ஒரே பார்ட்னருடன் எழுத்து வழியாக ரோல்ப்ளே (ஆளுக்கொரு கேரக்டராக மாறி, கதையைச் சேர்ந்து எழுதுவது) செய்கிறேன். என்னுடையது போர்க்கள மருத்துவச்சி. அவருடையது கூலிப்படைத் தலைவன். நான் நாலைந்து வரி எழுதினால் அவர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். கதை எப்போதும் தலைவனைச் சுற்றியே போகிறது. சில சமயம் என் மருத்துவச்சி என்ன நினைத்தாள், எப்படி அழுதாள் என்பதையும் அவரே எழுதிவிடுகிறார். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார். நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா? அட்மினிடம் சொல்லலாமா, இல்லை குழுவில் எல்லோரும் மதிக்கும் ஒரு மூத்த பிளேயரைப் பேசச் சொல்லலாமா?

பதில்: மூத்த பிளேயரிடம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு மனக்குறைகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று வரிக் கணக்கு. மற்றது, அவர் உங்கள் கேரக்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. முதலாவது பல நேரங்களில் குறையே இல்லை. இரண்டாவது நிஜமான குறை, அதை இன்றே நிறுத்தச் சொல்லலாம்.

வரிக் கணக்கை முதலில் பார்ப்போம். ஒருவர் எவ்வளவு எழுதுகிறார் என்பதைப் பாதி அவர் பழகிய கருவியே முடிவு செய்துவிடுகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமின் சாட் பெட்டியில் ஒரு செய்திக்கு 255 எழுத்துதான் இடம். அங்கே வளர்ந்தவர் ஒரு வரியில் ஒரு செயல், அடுத்தவருக்காகக் காத்திருப்பது என்று பழகியிருப்பார். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சாதாரணக் கணக்குக்கே 2,000 எழுத்து வரை போகலாம். அங்கிருந்து வந்தவர் பத்தி பத்தியாக எழுதுவார். இருவரும் சந்திக்கும்போது ஒருவர் "கஞ்சன்" என்கிறார், மற்றவர் "என்னைப் பேசவே விடவில்லை" என்கிறார். இரண்டும் பெரும்பாலும் தப்பு.

பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்த வரி உங்களுக்கு ஏதாவது கொடுத்ததா? உங்கள் மருத்துவச்சி காயத்துக்குக் கட்டுப் போட வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தலைவன் தரப்பிலிருந்து வரும் பதில் இப்படி இருக்கலாம்:

"தலைவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. காயம் ஆறிவிடும் என்று அவனுக்குத் தெரியும்."

அல்லது இப்படி:

"தலைவன் இடது கையுறையை மட்டும் கழற்றவில்லை. 'அந்தக் கையை விடு.'"

முதல் பதிலில் வார்த்தைகள் அதிகம். ஆனால் நீங்கள் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை: வலி இல்லை, கேள்வி இல்லை, காயம்கூட ஆறிவிடப் போகிறது. இரண்டாவதில் கையுறைக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், கேட்காமல் பிடுங்கலாம், பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டு வேறொரு நாள் எடுக்கலாம். சின்ன வரிதான், ஆனாலும் அவர் உங்களுக்கு மூன்று வழி திறந்து வைத்திருக்கிறார். உங்கள் பார்ட்னருடைய ஒற்றை வரிகள் இந்த வகை என்றால் நீங்கள் நஷ்டப்படவில்லை.

இதே அளவுகோலை உங்கள் எழுத்திலும் வைத்துப் பாருங்கள். நான் பார்க்கும் நீளமான எமோட்களில் (கேரக்டர் செய்வதை விவரிக்கும் வரிகள்) பாதிக்கு மேல் மூடிய கதவுகள்தான். மருத்துவச்சியின் சிறுவயது, அம்மாவின் சாவு, மழை, அவள் மனதில் ஓடிய ஆறு எண்ணங்கள் எல்லாம் எழுதி, கடைசியில் "ஆனால் அவள் எதையும் வெளியே சொல்லவில்லை" என்று முடிப்பார்கள். தலைவன் இதற்கு என்ன பதில் சொல்வான்? அவனுக்கு எதுவுமே தெரியாதே. அவளுடைய கை நடுங்குவதை எழுதியிருந்தால் அவனால் பார்க்க முடிந்திருக்கும்.

கடைசி மூன்று சீன்களின் சாட் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பல கேம்களில் இதைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. வார்கிராஃப்டில் சாட்லாக் என்ற கட்டளையே உண்டு. நீங்கள் வைத்த எந்த விஷயத்தை அவர் எடுத்துக்கொண்டார், அவர் வைத்த எதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று குறித்துக்கொண்டே போங்கள். வரிகளை எண்ணாதீர்கள். மூன்று சீனிலும் உங்கள் மருத்துவச்சி சொன்ன, செய்த ஒன்றுகூடத் தலைவனை மாற்றவில்லை என்றால், அவர் உங்களுடன் சேர்ந்து விளையாடவில்லை, உங்களைப் பார்வையாளராக உட்கார வைத்திருக்கிறார்.

இனி இரண்டாவது குறை. உங்கள் கேரக்டரின் அழுகையை அவர் எழுதுகிறார் என்கிறீர்கள். இதைப் பவர்கேமிங், காட்மோடிங் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயரில் சொல்வார்கள். பெயரில் சண்டை வேண்டாம். விதி எளிது: முயற்சியை எழுதலாம், விளைவை எழுதக் கூடாது. "தலைவன் அவள் மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினான்" சரி. "அவள் மணிக்கட்டைப் பிடித்தான், அவள் பயந்து நின்றாள்" சரியில்லை. பயந்தாளா, கையை உதறினாளா, சிரித்தாளா என்பது முழுக்க உங்கள் முடிவு.

இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், லாம்டாமூவை நினைவுபடுத்துங்கள். 1990-இல் பேவல் கர்டிஸ் தொடங்கிய, முழுக்க எழுத்தால் ஆன உலகம் அது. 1993-இல் அங்கே ஒருவர் ஒரு சிறு நிரலை வைத்து மற்றவர்களின் கேரக்டர்கள் தாங்களே அருவருப்பான பாலியல் செயல்களைச் செய்வதுபோல எல்லோர் கண்முன்னும் எழுத்தில் ஓடவிட்டார். அந்தக் கேரக்டர்களின் சொந்தக்காரர்களுக்கு நிஜமாகவே காயம்பட்டது. நிர்வாகிகளோ, அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், ஆட்டக்காரர்களுக்கிடையிலான தகராறுகளில் இனித் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியிருந்தார்கள். உங்கள் பார்ட்னர் அந்த மாதிரி ஆள் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் கேரக்டரின் உள்ளத்தை எழுதினால் வலிக்கும் என்பது இந்த உலகத்துக்கு அப்போதே தெரியும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டைகள் இதில்தான் வருகின்றன. முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தால் அவர் உங்கள் கேரக்டரை நகர்த்தலாம். உதாரணமாக, படை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறது, அன்றைக்கு நீங்கள் ஆன்லைனில் இல்லை. "மருத்துவச்சியும் கூடவே வந்தாள்" என்று அவர் எழுதினால் தப்பில்லை, நீங்கள் முன்பே சரி சொல்லியிருந்தால். சண்டைக் காட்சியில் யாருக்கு அடி விழுந்தது என்பதைக் பகடைபோல ஓர் எண்ணைப் போடும் கேமின் ரோல் கட்டளைக்கே விட்டுவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தால், ஒன்றிலிருந்து நூறுக்குள் வந்த எண் சொல்வதை அவர் எழுதலாம். உங்கள் மருத்துவச்சிக்கே இது இன்னும் பொருந்தும்: மயங்கிக் கிடக்கும் தலைவனின் கையை எடுத்து அசைத்துப் பார்க்காமல் அவள் வைத்தியம் செய்ய முடியாது. கையைத் தூக்கினாள், கட்டைப் பிரித்தாள் என்று நீங்கள் எழுத அவர் அனுமதி தந்திருப்பார். ஆனால் கட்டைப் பிரித்ததும் உள்ளே என்ன தெரிந்தது, சீழா, ஆறிய தழும்பா, யாரோ ஒருவருடைய பெயரைப் பச்சை குத்தியதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இந்த அனுமதி உடம்பின் சிறு அசைவுகளுக்கு மட்டும்தான், எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் கிடையாது. ஒரு சீனுக்குக் கொடுத்தது அடுத்த சீனுக்குச் செல்லாது. "அன்றைக்குச் சரி என்றாயே" என்று அவர் சொன்னால், "அன்றைக்குச் சொன்னது அன்றைக்கு மட்டும்" என்று சொல்லுங்கள். மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொள்ளும் பார்ட்னர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பதில் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடம் சம்மதம் ஆகாது.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்ற பதிலுக்கு வருகிறேன். கேரக்டர் வானத்திலிருந்து விழவில்லை, அவர்தான் உருவாக்கினார். முரட்டுத் தலைவனாகவே இருக்கட்டும். முரடன் கேள்வி கேட்பான், தப்பாகப் புரிந்துகொள்வான், கோபத்தில் உளறிவிட்டுப் பிறகு விழிப்பான். அடுத்தவருக்கு இடம் விடாதது கேரக்டரின் குணமில்லை, எழுதுகிறவரின் பழக்கம்.

இப்போது அந்த மூத்த பிளேயர். நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பார்ட்னர்களுக்கு நடுவே "நான் பேசி வைக்கிறேன்" என்று வருகிறவர்களால் நடந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன். நீங்கள் தனியாக அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் முதலில் அவரிடம் போகிறது, அப்புறம் குழுவின் நாலு பேரிடம். "அவர் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னார்" என்று முனை மழுங்கிய ஒரு வாக்கியம் உங்கள் பார்ட்னரிடம் போய்ச் சேரும்போது கூர்மையாகியிருக்கும். கடைசியில் இரண்டு பேரும் அந்த நடுவரைக் கேட்காமல் ஒரு சீன்கூட ஆரம்பிக்க முடியாத நிலை வந்துவிடும். சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். எல்லாக் கதையும் தன் வழியாகவே போக வேண்டும் என்ற ஆசை அது.

இதைவிட மோசமான இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். "உங்களுக்கு ஏற்ற பார்ட்னரைத் தேடித் தருகிறேன்" என்று காசு கேட்பவர்கள், வொயிட்லிஸ்டில் (ஒரு சர்வரில் விளையாட அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல்) இடம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்கள், பெரிய கதையில் முக்கியமான வேடத்தை விற்பவர்கள். இதில் எதற்கும் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். பார்ட்னர் கிடைப்பது பேசிப் பழகித்தான். அதை விற்க யாராலும் முடியாது. "உங்கள் கேரக்டரின் ப்ரொஃபைலை அழகாக அமைத்துத் தருகிறேன், லாகின் கொடுங்கள்" என்று கேட்பவரை அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். கேரக்டர், சேர்த்து வைத்த பொருட்கள், அதோடு உங்கள் மின்னஞ்சல் வரைக்கும் கைவிட்டுப் போகும். வீட்டு முகவரி, குரல் பதிவு, உங்கள் புகைப்படம் எதையும் "நம்பிக்கைக்காக" என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கதை காதல் பக்கம் திரும்பினால், எதிரில் இருப்பவர் 18 வயதைத் தாண்டியவர் என்று உறுதியாகத் தெரியாத வரை அந்தப் பாதையில் போகவே கூடாது.

அட்மின்? போகலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இதில் பொறுமை இல்லை. எழுத்தில் சேர்ந்து விளையாடுவது 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய மட் என்ற கேமின் காலத்திலிருந்தே இருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் புகார்ப் படிவத்தைத் திறந்தால் ஏமாற்று, வசவு, விளம்பரம் என்று மூன்று நாலு பெட்டிகள்தான். "என் கேரக்டரை அவர் எழுதுகிறார்" என்பதற்குப் பெட்டி இல்லை. பல சர்வர்களின் வொயிட்லிஸ்ட் தேர்வில் மெட்டாகேமிங் (கேரக்டருக்குத் தெரியாததை, ஆட்டக்காரருக்குத் தெரியும் என்பதால் கதையில் பயன்படுத்துவது) என்றால் என்ன என்று விளக்கம் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுப் பதில் எழுதத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. யாரைச் சுடலாம், எப்போது சுடலாம் என்பதற்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கும், பார்ட்னருக்கு இடம் விடுவது பற்றி ஒரு வரி இருக்காது. பிறகு புகார் வந்தால் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். மிரட்டல், பாலியல் தொல்லை, வேண்டாம் என்ற பிறகும் தொடர்வது, இவை மூன்றுக்கும் கண்டிப்பாக அட்மினிடம் போங்கள், பதிவோடு போங்கள். உங்களுடையது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

ஆகவே நேராக அவரிடமே பேசுங்கள். சீன் நடக்கும்போது இரட்டை அடைப்புக்குறிக்குள், அதாவது கதைக்கு வெளியே நீங்களாகப் பேசும் இடத்தில், சண்டை போடாதீர்கள். சீன் முடிந்து, இருவரும் கேரக்டரை விட்டு வெளியே வந்தபின், தனிச் செய்தியில் எழுதுங்கள். ஒரு கோரிக்கை, ஓர் உதாரணம், அவ்வளவு போதும். இப்படி:

"நேற்று முகாம் சீன் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். மருத்துவச்சி அழுதாள் என்று நீங்கள் எழுதினீர்கள். அவள் அழுதாளா என்பதை நான் எழுதட்டும். தலைவன் சொன்னதை மட்டும் நீங்கள் எழுதுங்கள், அவள் என்ன செய்கிறாள் என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள். அடுத்த சீன் மருத்துவச்சியின் பழைய ஆசிரியரைத் தேடிப் போவதாக இருக்கட்டுமா? தலைவன் துணைக்கு வரலாம்."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? கதை எப்போதும் தலைவனைச் சுற்றிப் போகிறது என்பதுதானே உங்கள் குறை. அதைப் புகாராக எழுதாமல், மருத்துவச்சியை நடுவில் வைக்கும் ஒரு சீனாகவே கொடுத்துவிடுங்கள். பலருக்குக் கதையை எங்கே கொண்டுபோவது என்றே தெரியாது. தெரிந்த தலைவனைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள்.

இரண்டு மூன்று சீன் பொறுத்துப் பாருங்கள். பழக்கம் ஒரே நாளில் போகாது. நடுவில் ஒருமுறை வழுக்கினால் "அது என் வரி" என்று மெதுவாகச் சொன்னால் போதும். நல்ல பார்ட்னர் உடனே திருத்தி எழுதுவார்.

திருத்தவில்லை, கேலி செய்கிறார், அல்லது "பிடிக்காவிட்டால் போ" என்கிறார் என்றால், போய்விடுங்கள். மருத்துவச்சியைச் சாகடிக்காதீர்கள், அவள் உங்களுடையவள், வேறு கதையில் வேண்டும். அவளுக்கு இன்னொரு முகாமிலிருந்து அழைப்பு வரட்டும். அந்த ஒரு சீனைத் தலைவனின் அனுமதி தேவையில்லாதபடி நீங்களே எழுதுங்கள்: அவள் மூட்டை கட்டினாள், கிளம்பினாள். தலைவன் அப்போது என்ன நினைத்தான் என்று நீங்கள் எழுத வேண்டாம், அதை அவர் எழுதிக்கொள்ளட்டும். சாட் பதிவை மட்டும் கொஞ்ச நாள் அழிக்காமல் வைத்திருங்கள்.