பி.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு ஃபெல்லோஷிப்பா, பி.எட்.டா?

தேவகோட்டையிலிருந்து கேட்ட சகோதரிக்கு: ஆசிரியர் ஃபெல்லோஷிப்பையும் (உதவித்தொகை பெற்றுக்கொண்டு பள்ளியில் கற்பிக்கும் பயிற்சித் திட்டம்) பி.எட்.டையும் ஒரே நேரத்தில் முடிக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். பி.எட். இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. பள்ளிப் பயிற்சியே 20 வாரம், அதில் 90 சதவீத வருகை வேண்டும். முதலில் அடிபடுவது அதுதான்.

அரசுப் பள்ளி வேலைதான் குறி என்றால் பி.எட். முதலில். காரைக்குடியிலேயே படிக்கலாம். ஃபெல்லோஷிப் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் எழுதியாக வேண்டும் (150 கேள்விகளில் 60 கணிதம், அறிவியல்). பி.எட்.டையே உள்ளடக்கிய ஃபெல்லோஷிப் என்றால் நல்லது, என்.சி.டி.இ. (ஆசிரியர் கல்விக்கான தேசிய அமைப்பு) அங்கீகாரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் சேர்ந்தாலும், நீங்கள் பாடம் எடுக்கும்போது வகுப்பில் உட்கார்ந்து கவனித்துச் சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். உதவித்தொகையைவிட எனக்கு அதுதான் பெரிது. அப்படி ஒருவர் இல்லாவிட்டால், 52-இல் 27 போக 35 என்று பிள்ளை எழுதினால் கவனக்குறைவு என்று தாண்டிவிடுவோம். உண்மையில் பிள்ளை பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது: 7-இல் 2, 5-இல் 2. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘கடன் வாங்கு’ என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.