அரை டம்ளர் டீ

அன்புள்ள ஐயா,
பாளையங்கோட்டையில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மனச்சிதைவு நோயாளிகளை ஊர் இழிவாகப் பார்ப்பதை எதிர்த்துப் பேரணி போகிறோம். அட்டையில் எழுத நான்கு வாசகங்கள் தருவீர்களா? பைத்தியம் என்று பொருள்படும் ‘கோட்டி’ என்ற சொல்லையே நம் பேச்சிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.
ம.

அன்புள்ள ம.,

வாசகம் எழுத எனக்கு வராது. பேரணி போங்கள், நடப்பது உடம்புக்கு நல்லது. சொல்லை மாற்றுவதிலும் தப்பில்லை. ஜப்பானில் 2002-ல் இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். ஆனால் இங்கே ஆச்சி பேரனைக் கொஞ்சுவதே ‘கோட்டிக்காரப் பயல’ என்றுதான். அவள் வாயை நீங்கள் மூட முடியாது, விடுங்கள்.

போன வாரம்தான் என் பெரியப்பாவுக்குத் திவசம் கொடுத்தோம். இந்தப் பதிலே அதனால்தான்.

இருபத்திரண்டு வயதில் அவருக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பொட்டல்புதூர் பள்ளிவாசல், புளியம்பட்டி அந்தோணியார் கோயில் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். (அப்படி வருகிறவர்களைத் திட்டாதீர்கள். கைவிடாமல் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார்களே.) மாதம் ஒரு ஊசி. பிற்பாடு துணைக்குப் போனது பத்தாம் வகுப்புப் படித்த நான். “மெண்டல் ஊசிக்கு யாரு?” என்று நர்ஸ் கத்துவார். வரிசையே திரும்பிப் பார்க்கும். ஆறடி மனிதர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவார். “இவரு தூங்குதாரா? யாரையும் அடிக்காரா?” எல்லாக் கேள்வியும் என்னிடம்தான்.

அப்புறம் வேறொரு நர்ஸ் வந்தார். “வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டியளா?” நான் வாயைத் திறந்தேன். “நீ சும்மா இரு தம்பி, அண்ணாச்சி சொல்லுவாக.” காத்திருந்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார்.

“இட்லி” என்றார் பெரியப்பா.

“எத்தனை?”

“நாலு. சட்னி புளிப்பு.”

எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் அபிப்பிராயம் அதுதான்.

ஏம்மா, இதைத்தான் கேட்கிறேன். உங்கள் வார்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நோயாளி முகத்தைப் பார்த்து எத்தனை கேள்வி, கூட வந்தவரைப் பார்த்து எத்தனை? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது ‘இவருக்கு எப்படி இருக்கு’ என்று அடுத்தவரிடம் கேட்கிறீர்களே, அதைத்தான் ஊர் உங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது. டாக்டர் இரண்டு நிமிஷம் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் நீங்கள்தான். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் சங்கிலியோடு கிடந்தவர்கள் தீயில் செத்தார்கள், 28 பேர். சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது. அவரிடமே கேள் என்று எந்தச் சட்டம் வந்து உங்களுக்குச் சொல்லும்?

ஊசியால் பெரியப்பாவுக்குக் கை நடுங்கும். டீ சிந்தும். குடிகாரன் என்றார்கள், தெருமுனை டீக்கடையில் தனி டம்ளர் வைத்தார்கள். இதை அந்த நர்ஸிடம் நான்தான் சொன்னேன். அவர் டாக்டரிடம் பேசி நடுக்கத்துக்கு மாத்திரை வாங்கித் தந்தார். “கடைக்காரர்ட்ட நான் சொல்லட்டா அண்ணாச்சி?” என்று பெரியப்பாவைக் கேட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் பஸ்ஸை விட்டு எங்கள் ஊரில் இறங்கினார். “கை நடுங்குதது மருந்தால, வேற ஒண்ணுமில்ல. டம்ளர்ல பாதியா ஊத்திக் குடுங்க.”

தனி டம்ளர் அன்றோடு போயிற்று. அரை டம்ளர் டீக்கு முழுக் காசு வாங்குகிறான் என்று பெரியப்பா சாகிற வரை அந்தக் கடைக்காரரோடு சண்டை போட்டார்.