மலிவான ஜிபிஎஸ் போதுமா, விலை கூடியதுதான் வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடு மலையேறப் போகிறேன். கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாம் என்று தேடினால், கார்மினின் இடிரெக்ஸ் வரிசையில் இருக்கிற அடிமட்ட மாடலுக்கும் அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் வரிசைக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. மலிவானதை வாங்கிக் காட்டுக்குள் அது தப்பான இடத்தைக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது பெரியதை வாங்கிவிடட்டுமா?

பதில்: கடன் வேண்டாம். நிற்கிற இடத்தைச் சொல்லும் வேலையில் அந்த மலிவான மாடல் உங்களைக் கைவிடாது. இரண்டு கருவிகளும் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அதே செயற்கைக்கோள்களின் சிக்னலைத்தான் வாங்குகின்றன, குறைந்தது நான்கு கிடைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் கணக்குப் போட்டுவிடுகின்றன. 2000 மே மாதத்துக்கு முன்பு, ஜிபிஎஸ்ஸை நடத்துகிற அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அந்தக் காலத்தில் சாதாரண ஆள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு, திறந்த வானத்தின் கீழ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்வது எளிய கருவிக்கும் கைவந்துவிட்டது. 2011இல் வந்த இடிரெக்ஸ் 10 மாடலே ஜிபிஎஸ்ஸோடு, அதே மாதிரி ரஷ்யா நடத்துகிற குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

வானம் பாதி மறைந்த இடத்துக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும். குறுகிய பள்ளத்தாக்கு, செங்குத்தான பாறைச் சுவர், மழையில் நனைந்த அடர்ந்த மரக்கூரை. பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சிக்னல் நேராக வருவதைவிட நீண்ட தூரம் பயணித்து வருகிறது, கருவி அதையும் நம்பிக் கணக்குப் போடுவதால் நீங்கள் நிற்கும் புள்ளி திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். விலை கூடிய சில மாடல்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் வாங்கி இந்தப் பிழையைக் கணிசமாகக் குறைக்கின்றன. சரி, அது உங்களுக்குத் தேவையா? எல்லைக் கல் தேடுகிறவர், குகை வாய்களைக் குறித்து வைக்கிறவர், ஒரே செடியைத் தேடி வருடா வருடம் அதே இடத்துக்குப் போகிற ஆராய்ச்சி மாணவர், இவர்களுக்கு அந்தச் சில மீட்டர்கள் முக்கியம். தடம் பார்த்து நடக்கிறவருக்கு, புள்ளி பத்து மீட்டர் தள்ளி இருந்தாலும் தடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? என் அனுபவத்தில் முதலில் வரைபடத்துக்கு. இடிரெக்ஸ் 10இல் 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, மெமரி கார்டு போட இடம் கிடையாது, நீங்கள் நடந்த கோடும் ஓர் அம்புக்குறியும் தெரியும், அவ்வளவுதான். கோட்டுக்கு இடப்பக்கம் ஓடையா பள்ளமா என்று அது சொல்லாது. 2019இல் வந்த இடிரெக்ஸ் 22எக்ஸ் மாடலில் கலர் திரை, 8 ஜிபி நினைவகம், கார்டு போடும் வசதி எல்லாம் உண்டு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தயாரித்த சமஉயரக் கோட்டு வரைபடங்களை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏறப் பணம் இருந்தால் இந்தப் படிக்குத்தான் செலவு செய்யச் சொல்வேன்.

அடுத்தது காம்பஸ். பழைய மலிவான மாடல்களில் எலக்ட்ரானிக் காம்பஸ் இருக்காது, நகர்ந்தால்தான் கருவிக்குத் திசை தெரியும். இது தெரியாமல் ஒருமுறை பனிமூட்டத்தில் இரண்டாகப் பிரியும் தடத்தில் நின்றுகொண்டு, அம்புக்குறி ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் வேறு பக்கம் காட்டுகிறதே என்று பதறியிருக்கிறேன். ஒரு பக்கமாக இருபது முப்பது அடி விடாமல் நடந்த பிறகுதான் அது நிலைக்கு வந்தது. கழுத்தில் தொங்கவிடுகிற சாதாரண காந்த திசைகாட்டி ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, அதற்குப் பேட்டரியும் வேண்டாம்.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற வசதி எனக்குப் பிடிக்கும், ஆனால் அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். செயற்கைக்கோள் கணக்கில் உயரம் எப்போதும் இடத்தைவிடக் கூடுதல் பிழையோடுதான் வரும், காற்றழுத்தமானி அதைச் சரிசெய்கிறது. ஆனால் தாழ்வான மலைகளில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது சுமார் 8 மீட்டர் உயரம். ராத்திரி வானிலை மாறி அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த நீங்கள் 40 மீட்டர் ஏறிவிட்டதாகக் காலையில் காட்டக்கூடும். உயரம் தெரிந்த இடத்தில் நின்று அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். அப்படி ஏறாமலே ஏறியதாகக் காட்டினால், மழை நெருங்குகிறதா என்று வானத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பேட்டரியில் மலிவான கருவிகள் ஒன்றும் மோசமில்லை. இரண்டு டபுள் ஏ செல் போட்டால் 25 மணி நேரம் என்று இருந்ததை, 2023இல் வந்த இடிரெக்ஸ் எஸ்இ 168 மணி நேரம் வரை என்று நீட்டிவிட்டது. இதுவும் கறுப்பு வெள்ளைத் திரைதான், ஆனால் காம்பஸ் உண்டு. தீர்ந்தால் பையிலிருந்து வேறு இரண்டு செல் எடுத்துப் போட்டுவிட்டு நடக்கலாம், சார்ஜ் போட இடம் தேட வேண்டியதில்லை. எந்த வகை செல் போட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் செட்டிங்கில் மறக்காமல் மாற்றுங்கள். ரீசார்ஜ் செல்லின் வோல்டேஜ் குறைவு, அதைச் சாதாரண செல் என்று கருவி நினைத்துக்கொண்டால் மீதி எவ்வளவு என்பதைத் தப்பாகக் காட்டும்.

இன்னொன்று, இது எந்த விலைக் கருவிக்கும் பொருந்தும். திரும்பி வரும்போது கிளம்பிய இடத்தைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறி காட்டும் திசையில் நேராக நடக்காதீர்கள். 800 மீட்டர் என்று அது சொல்வது பறவை பறக்கிற தூரம், நடுவில் செங்குத்துச் சரிவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. போகும்போது பதிவான தடத்தைப் பிடித்தே திரும்புங்கள். இதைப் பழகாமல் விலை கூடிய கருவியோடு காட்டுக்குள் போகிறவரைப் பார்த்தால்தான் எனக்கு உண்மையில் பயம்.

ஆக உங்களுக்கு நான் சொல்வது வரைபடம் ஏற்றக்கூடிய நடுத்தர மாடல். அதற்கும் கையில் பணம் இல்லையென்றால் அடிமட்ட மாடலோடு ஒரு காகித வரைபடம், ஒரு திசைகாட்டி. செல்போன் டவர் இல்லாத இடத்துக்குத் தனியாகப் போகிற வழக்கம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும், அப்போது செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி அவசியம். அதற்குச் சந்தா கட்ட வேண்டும், சில நாடுகளில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய கருவியைவிட, மலிவான ஜிபிஎஸ் ஒன்றும் சின்ன செய்திக் கருவி ஒன்றும் தனித்தனியாக வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று உடைந்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

கேள்வி: போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, தனியாக எதற்கு?

பதில்: நியாயமான கேள்வி. இரண்டு அலைவரிசையில் வாங்கும் வசதி 2018இலேயே ஷியோமி மி 8 போனில் வந்துவிட்டது, அதனால் துல்லியத்தில் போன் தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போட்டால் ஒரு பகல் முழுக்க ஓட்டிவிடலாம். டவர் இல்லாத இடத்தில் முதல் முறை இடம் பிடிக்கத் தாமதமாகும், ஏனென்றால் வழக்கமாக நெட்வொர்க்கில் இருந்து வரும் தகவலை அப்போது செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டியிருக்கும். வண்டியை விட்டு இறங்கியதுமே ஆன் செய்துவிடுங்கள்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. மழையில் ஈர விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது, கடுங்குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். அதே போன்தான் கேமரா, டார்ச், ஆபத்து வந்தால் கூப்பிட வேண்டிய ஒரே கருவியும். வழி பார்த்தே அதைத் தீர்த்துவிடக் கூடாது. ஒரு பகலில் போய்த் திரும்புகிற, ஆள் நடமாட்டம் உள்ள பாதை என்றால் போன் போதும். இரண்டு ராத்திரி தங்குவதாக இருந்தால் பட்டன் வைத்த மலிவான கருவி ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள்.

கேள்வி: நண்பர் அனுப்பிய இடக் குறியீட்டை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) கருவியில் போட்டுப் போனோம், சம்பந்தமே இல்லாத ஊரில் போய் நின்றோம். மலிவான கருவி என்பதால்தானா?

பதில்: இல்லை, கருவியைத் திட்டாதீர்கள். அநேகமாக எண்ணை எழுதுகிற முறை மாறியிருக்கும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அதனால் 10.50 டிகிரி என்றால் 10 டிகிரி 30 நிமிடம். அதை 10 டிகிரி 50 நிமிடம் என்று போட்டுவிட்டால் வடக்கு தெற்காக 37 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். செட்டிங்கில் எந்த முறை இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள். சில நூறு மீட்டர் மட்டும் தள்ளியிருந்தால், அந்த எண் பழைய அச்சு வரைபடத்திலிருந்து எடுத்ததா என்று நண்பரிடம் கேளுங்கள். பழைய வரைபடங்கள் பலவற்றின் அடிப்படை அளவீடு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84இலிருந்து வேறுபட்டது.

கேள்வி: பழைய கையடக்க ஜிபிஎஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். ஜிபிஎஸ் தேதியை வாரங்களாக எண்ணி அனுப்புகிறது, அந்த எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு திரும்பியது. அப்டேட் வராத பழைய கருவிகளில் சில அன்றிலிருந்து தப்பான தேதி காட்டுகின்றன. அதனால் திறந்த வெளியில் ஆன் செய்து சிக்னல் பிடித்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா, ஓரத்து ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் போயிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். கேபிள் பெரும்பாலும் மினி யுஎஸ்பியாக இருக்கும், அதையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.