செயின் சோவும் தேய்ந்த பிஸ்டனும்: கேள்வி பதில்

செயின் சோ என்றால் மரம் அரிகிற சங்கிலி வாள். அதன் எஞ்சின் பக்கம் எதுவும் கேட்கலாம். கேட்பவரை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். சங்கிலி கூராக்குவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

கொடிகாமம்: அண்ணை, 72 சீசீ வாள். பனை அரியும்போது சூடேறினால் நின்றுவிடுகிறது, ஆறிய பிறகுதான் எடுக்கிறது. பிஸ்டன் போய்விட்டது என்று கராச்சில் சொல்கிறார்கள். முழுதாகக் கழற்றாமல் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நின்ற கையோடு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலாக இருக்கலாம், பிஸ்டனைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஸ்பார்க் இருந்தால், ஆறவிட்டு சைலன்சரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட் கயிற்றை மெல்ல இழுத்து, அந்தத் துவாரத்துக்குள் ரோர்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். பிஸ்டனில் உரசி விழுந்த கோடு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். சைலன்சர் பக்கம் மட்டும் நெடுக்காகக் கோடு விழுந்திருந்தால் அது சூட்டில் வந்தது: பெற்றோல் குறைவாகப் போகிறது, இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. சுற்றிவரக் கோடு என்றால் யாரோ ஒயில் கலக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். காபரேட்டர் பக்கம் கோடில்லாமல் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கக் காபரேட்டரையும் கழற்ற வேண்டிவரும். பனை அரிகிறவர்களுக்கு இதுவும் சூட்டுக் கோடும் சேர்ந்தே வரும், ஏனென்றால் பனந்தூளும் நாரும் ஃபில்டரை மட்டுமல்ல, சிலிண்டரின் சூட்டை ஆற்றுகிற செட்டைகளையும் அடைத்துவிடும்.

கொம்பிரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற மீற்றர்) இருந்தால் அதைப் பிளக் துவாரத்தில் மாட்டி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். 150 பீ.எஸ்.ஐ. அளவில் இருந்தால் நல்லது. 100க்குக் கீழே என்றால் கராச்சில் சொன்னது சரி.

ஒன்று சொல்கிறேன்: பிஸ்டன் ஏன் போனது என்று தெரியாமல் புதுப் பிஸ்டன் போடாதீர்கள்.

கரவெட்டி: ஒயில் எவ்வளவு கலப்பது?

பதில்: வாளின் கம்பனி சொன்ன தரமான டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் 50க்கு 1, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லி. தரம் தெரியாத ஒயில் என்றால் 25க்கு 1, 200 மில்லி. கார் எஞ்சின் ஒயில் வேண்டாம்.

சுன்னாகம்: சிலிண்டரிலும் கோடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல போர் அடித்து (உட்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாமா?

பதில்: கூடாது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. இதில் அலுமினியத்தின் மேல் நிக்கலோ குரோமோ பூசிய மெல்லிய படைதான் இருக்கிறது. போர் அடித்தால் அந்தப் படை போய்விடும். ஆனால் சிலிண்டரை எறிய அவசரப்படாதீர்கள். பல தடவை அது கோடே இல்லை, பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். நுரை வந்தால் அலுமினியம் கரைகிறது. துடைத்து, திரும்ப வைத்து, நுரை நின்றதும் தண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவுங்கள். துவாரங்களின் விளிம்பில் படக்கூடாது, அங்கே சிலிண்டரின் சொந்த அலுமினியத்தையே தின்னும். வெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் சிலிண்டர் முடிந்தது.

பருத்தித்துறை: 52 சீசீ சீன வாள். கடையில் கொடுத்த பிஸ்டன் ஆட்டமாக இருக்கிறது.

பதில்: 45 மில்லிமீற்றரும் 45.2ம் கடையில் ஒரே பெட்டிக்குள் கிடக்கும். சீசீயைச் சொல்லி வாங்காமல் பழைய பிஸ்டனையும் வேர்ணியரையும் கொண்டு போங்கள்.

சாவகச்சேரி: தம்பி, 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் முழு யாழ்ப்பாணமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஓஸ்டின் ஏ40 கார் ஓடவில்லையா? நான் வாளுக்கும் பாதி மண்ணெண்ணெய் கலக்கிறேன். நீங்கள் எல்லோரும் சும்மா பயப்படுத்துகிறீர்கள்.

பதில்: ஐயா, ஓடியதை நானும் மறுக்கவில்லை. ஏ40 ஃபோர் ஸ்ட்ரோக், கொம்பிரஷன் 7க்கு 1 அளவில், ஒயில் தனியாக அடியில் உள்ள சம்பில் கிடந்தது. உங்கள் வாளில் பிஸ்டனுக்கு ஒயில் வருவதே பெற்றோலோடுதான். மண்ணெண்ணெய் அந்த ஒயிலைக் கழுவும், ஒக்டேனும் குறைவு. எஞ்சின் தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதுவும் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுச் சுற்றுகிற எஞ்சினில்.

மானிப்பாய்: ஐயா சொல்வது சரி. தோட்டத்தில் இறைக்கிற மெஷின் இன்றைக்கும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது.

பதில்: அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த ஃபோர் ஸ்ட்ரோக். பெற்றோலில் எடுத்து, சூடான பிறகுதானே மாற்றுகிறீர்கள்? ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

சாவகச்சேரி: என் வாள் இன்னும் ஓடுகிறது.

பதில்: சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா.

உரும்பிராய்: ஐயா போட்ட விகிதம் என்ன? நானும் செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம்!

சங்கானை: ஒயில் எவ்வளவு கலப்பது?

பதில்: கரவெட்டிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

அளவெட்டி: புதுப் பிஸ்டன், புது றிங், புதுச் சிலிண்டர் எல்லாம் போட்டேன். ஒரு மாதம் போகவில்லை, சைலன்சர் பக்கம் அதே கோடு.

பதில்: கொடிகாமத்துக்குச் சொன்னதுதான். பழைய சீலை அப்படியே விட்டிருப்பீர்கள். கிராங்கின் இரண்டு பக்க சீல், காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள றப்பர், இவை வெடித்தால் காற்று இழுக்கும். சைலன்சர் துவாரத்தையும் காபரேட்டர் துவாரத்தையும் அடைத்து, அரை பார் காற்றடித்துக் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டும். சீலை மாற்றக் கிளச்சைக் கழற்றும்போது அது இடப்புரி மரை, மறந்துவிடாதீர்கள். பிஸ்டனைத் தடுக்க பிளக் துவாரத்தில் கயிறு விடுங்கள், ஸ்குறூட்ரைவர் விடவேண்டாம்.

வட்டுக்கோட்டை: பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம்?

பதில்: சைலன்சர் பக்கம்.

புங்குடுதீவு: வளவில் நாலு பனை தறிக்க வேண்டும். அனுமதி எங்கே எடுப்பது?

பதில்: பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எனக்கு எஞ்சின்தான் தெரியும்.

நெல்லியடி: ஒயில் 50க்கு 1 போட்டால் பிஸ்டன் தேயாதா? கூட ஊற்றினால் நல்லதுதானே?

பதில்: கூட ஊற்றினால் கரி பிடிக்கும், றிங் ஒட்டும். பெற்றோலின் பங்கும் அந்த அளவுக்குக் குறையும், அதுவும் ஒரு சூடு. ஒயில் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

அச்சுவேலி: பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சேர்க்ளிப்பைக் கழற்றினால் திரும்பப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், புதியது வாங்குங்கள். வாய் மேலே அல்லது கீழே பார்க்கவேண்டும், பக்கவாட்டில் இருந்தால் ஓட்டத்தில் கழன்று சிலிண்டரைக் கிழிக்கும். மாட்டும்போது கிராங் வாயில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள், உள்ளே துள்ளி விழுந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும்.