செய்வதா, வாங்குவதா? தாராளமயமும் கம்பெனிகளின் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி (பி.காம். மாணவி): சந்தை திறந்தால் கம்பெனிகள் வேலையை வெளியே கொடுத்துவிடும் என்று படித்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தானா சார்?

பதில்: இல்லைம்மா. 1991-ல் தாராளமயம் வந்து சந்தை திறப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியையும் எது கட்டிப்போட்டிருந்தது என்று பாருங்கள். அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில், உலோகத்தை உருக்கி வார்க்கும் சொந்த வார்ப்பட ஆலையே இருந்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, உள்ளூரில் நம்பி வாங்க ஆள் குறைவு. வேறு என்ன செய்வார்கள்? அப்புறம் சுங்க வரியின் உச்ச விகிதம் 1991-ல் 150 சதவீதம், 1995-ல் 50 என்று இறங்கியது. 1996-ல் வந்த ஹூண்டாய், தனக்கு உதிரிபாகம் செய்து தரும் கொரியக் கம்பெனிகளையும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பக்கம் கூட்டிக்கொண்டே வந்தது.

கேள்வி (ஓசூர், உதிரிபாகத் தொழில்): அப்படியானால் எல்லாம் 1991-ன் வேலைதானா?

பதில்: அந்த வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெயர் கொடுக்கிறோம். வாங்கிய பொருளுக்குக் கட்டிய கலால் வரியை (உற்பத்தி மீதான வரி) கழித்துக்கொள்ளும் மோட்வாட் முறை 1986-லேயே வந்துவிட்டது. அதற்கு முன் வெளியே வாங்கினால் வரிமேல் வரி.

கேள்வி (திருப்பூர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்): எங்கள் ஊரில் தலைகீழ் சார். பெரிய கம்பெனிகள் ஸ்பின்னிங் முதல் தையல் வரை சொந்தமாகவே வைக்கிறார்கள்.

பதில்: நல்ல கேள்வி. அங்கே கட்டு வேறு மாதிரி. அப்போது பின்னலாடை சிறுதொழிலுக்கு மட்டும் என்று அரசு ஒதுக்கியிருந்த பொருள். 1991-ல் இயந்திர முதலீட்டு வரம்பே 60 லட்சம் ரூபாய்தான். வளர்ந்தால் சலுகை போகும். அதனால் நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காஜா பட்டன் இன்னொருவர் என்று ஜாப் ஒர்க்காகவே (கூலிக்குச் செய்துகொடுக்கும் வேலை) ஊர் பிரிந்து கிடந்தது. திறமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2000-களின் நடுவில் ஒதுக்கீடும் போனது, எந்த நாடு எவ்வளவு ஜவுளி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு போட்ட உலக ஜவுளிக் கோட்டாவும் 2005 தொடக்கத்தில் முடிந்தது. பெரிய ஆர்டர், கறாரான டெலிவரி தேதி. நடுவில் ஒரு பட்டறை தாமதித்தால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் அதிலேயே கரையும். போதாததற்கு 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அது தாராளமயம் அல்ல, சாயக்கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட விவகாரம். ஆனாலும் சாயத்துக்கு அடுத்தவரை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஊருக்கே தெரிந்தது.

கேள்வி (எம்பிராய்டரி யூனிட் நடத்துபவர்): அப்போ எங்களுக்கு வேலை இருக்குமா?

பதில்: உங்களுக்கு இருக்கும். ஒரு சீசனில் எம்பிராய்டரி கேட்பார்கள், அடுத்ததில் கேட்கமாட்டார்கள். பாதி வருஷம் சும்மா நிற்கும் மெஷினைப் பெரிய கம்பெனி வாங்காது. வெறும் நிட்டிங் மட்டும் செய்பவருக்குத்தான் சிரமம்.