வலது பாதி

அன்புள்ள ஐயா,

ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்டவர்களின் பார்வையை அளந்த கண் மருத்துவர் தட்சுஜி இனோயே பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏழு வாரத்துக்கு முன் என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் தெளிவு. ஆனால் வலது கண் போய்விட்டது என்கிறார். இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இப்போது ‘வரவில்லை’ என்பதை ‘வர’ என்று படித்துவிட்டு, வாக்கியம் புரியவில்லை என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார். கணினியில் ஆறு மாதம் பயிற்சி செய்தால் பார்வை திரும்பும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். செலவு அதிகம். பணம் கட்டலாமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. சில வருடங்களாக இதைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். அதற்குக் காரணம் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கும் பக்கவாதத்துக்குப் பிறகு இப்படித்தான் ஆனது, அவருக்கு இடப்பக்கம். இலையில் இடது ஓரம் வைத்த உப்பும் ஊறுகாயும் அப்படியே கிடக்கும். “ஏன் எனக்கு மட்டும் ஊறுகாய் வைக்கல?” என்று கேட்பார். இடப்பக்கம் யாராவது வந்து நின்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். வயதான கோபம் என்று நினைத்து நாங்களும் அவரிடம் கோபித்துக்கொண்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு டாக்டர் பீல்டு டெஸ்ட், அதாவது கண்ணை அசைக்காமல் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று அளக்கும் சோதனை, எடுத்துக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த எட்டு மாதம் இன்னும் என் மனதில் உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அப்பாவின் இடது கண்ணை மூடிவிட்டு, உங்கள் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தில் எந்தப் பக்கம் தெரியவில்லை என்று கேளுங்கள். பிறகு வலது கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு முறையும் அவருடைய வலப்பக்கமே காணாமல் போனால், கோளாறு கண்ணில் இல்லை. நாம் பார்க்கும் காட்சியின் வலது பாதி, இரண்டு கண்களிலிருந்தும் இடது பின்மூளைக்குத்தான் போகிறது. அங்கே ரத்தம் நின்றால் இரண்டு கண்ணுக்கும் வலது பாதி போய்விடும். ஹெமியனோப்பியா என்று சொல்வார்கள். கண்ணாடி மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. உறுதிப்படுத்த நரம்பியல் மருத்துவரிடமோ கண் மருத்துவரிடமோ பீல்டு டெஸ்ட் கேட்டு வாங்குங்கள்.

இனோயே கண்டதும் இதைத்தான். காயம்பட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கணக்கிட, பார்வை எவ்வளவு போனது என்று அளக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்தப் போரின் துப்பாக்கிக் குண்டுகள் சிறியவை, வேகமானவை. மண்டையில் நேர்கோட்டில் நுழைந்து வெளியேறின. நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் கோடு போட்டு இணைத்து, பின்மூளையின் எந்த இடம் போனால் பார்வையில் எந்த இடம் போகிறது என்று வரைபடமே போட்டார். 1909இல் அது ஜெர்மன் மொழியில் வெளியானது.

இனி பணத்துக்கு வருகிறேன். இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

நீங்கள் பார்த்த விளம்பரம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வகைப் பயிற்சிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1998இல் ஜெர்மனியின் மாக்டபர்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு. தெரியும் பகுதிக்கும் தெரியாத பகுதிக்கும் இடையிலுள்ள எல்லையில் ஒளிப்புள்ளிகளைக் காட்டி, தினம் ஒரு மணி நேரம் என ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். எல்லை பார்வைக் கோணத்தில் சுமார் 5 டிகிரி நகர்ந்தது என்றார்கள். 2005இல் அதே ஜெர்மனியின் டூபிங்கனில் வேறொரு குழு, கண்ணின் உள்ளே விழித்திரையையே பார்த்தபடி அளக்கும் கருவியை வைத்துச் சோதித்தது. எல்லை குறிப்பிடும்படி நகரவே இல்லை. சோதனையின்போது கண் தன்னை அறியாமல் இருட்டுப் பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் எல்லை நகர்ந்ததுபோலத் தோன்றும், அதுதான் சிக்கல். இன்னொன்றும் இருக்கிறது. முதல் மாதங்களில் பலருக்குப் பார்வை தானாகவே ஓரளவு திரும்புகிறது. 2006இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு இப்படி முன்னேற்றம் இருந்தது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஆறு மாதத்துக்குப் பிறகு அபூர்வம். ஏழாவது வாரத்தில் பணம் கட்டினால், தானாக வந்ததும் பயிற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அதற்காக, இழந்த பகுதி முழுக்கச் செத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். முதல் உலகப் போரில் ஜார்ஜ் ரிடாக் என்ற மருத்துவர், பார்வை போன பக்கத்தில் அசைவு மட்டும் தெரிகிறது என்று சொன்ன வீரர்களைக் கண்டார். 1974இல் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் சோதித்த ஒருவர், எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒளி தோன்றிய இடத்தைக் கையால் சரியாகச் சுட்டினார். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கிரிஸ்டல் ஹக்ஸ்லின் என்ற ஆய்வாளர் இந்த மிச்சத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறார். நகரும் புள்ளிக் கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்று தினமும் நூற்றுக்கணக்கான முறை கேட்கும் பயிற்சி. பயிற்சி கொடுத்த இடத்தில் பார்வைத் திறன் கூடுகிறது. 2020இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் இருக்கும் மிச்சப் பார்வை பிறகு மங்கிவிடுகிறது என்றும், அந்தக் காலத்தில் பயிற்சி பெறுபவர்கள் சீக்கிரம் முன்னேறுகிறார்கள் என்றும் சொல்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் நிற்கிறது.

சரி, வீட்டில் இப்போதே செய்யக்கூடியது? மியூனிக்கில் யோசெஃப் சீல் என்ற நரம்பு உளவியலாளர் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். பார்வை போன பக்கம் இவர்கள் கண்ணைச் சிறிது சிறிதாகத்தான் நகர்த்துகிறார்கள். அதனால் எதுவும் நேரத்தில் சிக்குவதில்லை. ஒரே வீச்சில், தேவைக்கு மேலேயே, அந்தப் பக்கம் பார்க்கப் பழக்கினால் தேடும் வேகம் கூடுகிறது. பார்வை எல்லை நகராது, ஆனால் கதவுநிலையில் தோள் இடிப்பது குறையும். தலையை முந்தித் திருப்பாமல் கண்ணைத் திருப்பச் சொல்லுங்கள். மேசையில் பத்துப் பொருளைப் பரப்பிவைத்து, வலது கோடியிலிருந்து தேடச் சொல்லுங்கள். இதைக் கற்றுத் தரும் தெரபிஸ்ட் கிடைத்தால் அதற்குச் செலவழியுங்கள்.

படிப்புதான் அப்பாவுக்கு உயிர் என்று புரிகிறது. இடமிருந்து வலம் படிப்பவருக்கு வலது பாதி போவதுதான் பெரிய அடி, ஏனென்றால் கண் அடுத்துப் போக வேண்டிய இடமே இருட்டு. தமிழில் இது இன்னும் கொடுமை. காலம், யார் செய்தார், செய்தாரா இல்லையா எல்லாம் சொல்லின் வாலில்தானே இருக்கிறது! வார்த்தை முடிந்து வெள்ளை இடைவெளி வரும்வரை கண்ணைக் கொண்டுபோய்விட்டுப் பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். வரியின் கடைசியில் அவர் விரலை வைத்துக்கொள்ளட்டும். லண்டனில் அலெக்ஸ் லெஃப் என்ற நரம்பியல் மருத்துவரின் குழுவினர், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தைப் படிக்கவைத்து வாசிப்பு வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். டிவியில் செய்தி ஓடுகிறதே, அதுபோல. அவர்கள் பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் யாராவது செய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கணினி தெரிந்த வாசகர்கள் யாராவது முன்வந்தால், பாடத்துக்கான பத்திகளை நான் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.

அப்பா வண்டி ஓட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டினால் இன்றே நிறுத்துங்கள். கை கால் நன்றாக இருப்பதால் அவருக்குத் தைரியம் வந்துவிடும். வலப்பக்கத்திலிருந்து வரும் பஸ் அவருக்குத் தெரியாது. தெருவில் நடக்கும்போது நீங்கள் அவருடைய வலப்பக்கம் வாருங்கள்.

அடுத்த பீல்டு டெஸ்ட்டை மூன்றாவது மாத முடிவில் எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அப்பாவே எழுதினால் இன்னும் சந்தோஷம். பிழை திருத்தி அனுப்பட்டும்.

அன்புடன்